வாய்ப் புற்றின் அடையாளங்கள்: வெற்றிலைக் கறையிலிருந்து ஆர்.என்.ஏ. வரை

தலை, கழுத்துப் புற்றுநோய் என்பது ஒரே நோயின் பெயரன்று. உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு, தொண்டை, குரல்வளை, மூக்கின் பின்பகுதி ஆகிய இடங்களில் தோன்றும் பல புற்றுகளுக்கு அது பொதுப்பெயர். அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது, இந்த உறுப்புகளின் உட்பரப்பை மூடியிருக்கும் செதிள் செல்களில் தொடங்குபவை. இந்தியாவில் இவற்றுள் முதலிடம் வாய்ப் புற்றுக்கு. 2020-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் மட்டும் இந்தியாவில் 1,35,000-க்கு மேற்பட்டோருக்கு உதடு, வாய்ப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது.

வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வளரும் நோய் இது. அப்படியிருந்தும் இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். தொடக்கத்திலேயே நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தை மருத்துவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தேடி வருவதற்கு இதுவே காரணம். அந்தத் தேடல் முதலில் நோயாளியின் பழக்கத்தில் நடந்தது, பிறகு திசுவில், அதன்பின் மரபணுவில். கடந்த கால் நூற்றாண்டாக அது, புரதம் எதையும் உண்டாக்காத ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளில் நடக்கிறது.

தாம்பூலத்தோடு சேர்ந்த புகையிலை

வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்த தாம்பூலம் தென்னிந்தியாவில் மிகப் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலனுக்கு உணவளித்த பின் வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். திருமணம், விருந்து, கோயில், அரசவை என எல்லா இடங்களிலும் தாம்பூலம் மதிப்பின் குறியாக இருந்தது. அந்தக் கூட்டில் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலையைப் போர்ச்சுகீசியர்தான் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்குப் போயிற்று. 1617-இல் ஜஹாங்கீர் அதைத் தடைசெய்ய முயன்றார், பலிக்கவில்லை.

தெற்கில் புகைப்பதைவிட மெல்லுவது வேரூன்றியது. ஏற்கெனவே கைவசம் இருந்த வெற்றிலைப் பெட்டியில் புகையிலைக் காம்பு எளிதாக இடம்பிடித்தது. யாழ்ப்பாணத்தில் விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அதன் விற்பனையைத் திருவிதாங்கூர் அரசு நெடுங்காலம் தன் ஏகபோகமாக வைத்திருந்து வருவாய் ஈட்டியது. வயலில் வேலை செய்தவர்களுக்குப் பசியையும் களைப்பையும் மறக்க வைக்கும் பொருளாக அது ஆனது. கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே அடக்கிவைக்கும் பழக்கம் பரவியது; இரவில் வாயில் வைத்தபடியே தூங்குபவர்களும் இருந்தனர். புகையிலையின் நைட்ரோசமைன்களும் பாக்கின் அரிகோலினும் சுண்ணாம்பின் காரத்தோடு சேர்ந்து, ஒரே இடத்துச் சதையை ஆண்டுக்கணக்கில் தாக்க இது வழிவகுத்தது.

நெய்யூரில் திரண்ட சான்றுகள்

புகையிலைக்கும் புற்றுக்கும் தொடர்புண்டு என்ற ஐயம் ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. 1761-இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹில், மூக்குப்பொடி போட்டவர்களுக்கு மூக்கில் கட்டி வருவதைப் பற்றி எழுதினார். ஆனால் மெல்லும் புகையிலையைப் பற்றிய சான்று, அதை மென்றவர்களின் ஊர்களிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

அந்தச் சான்று திரண்ட முக்கியமான இடம் நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள இவ்வூர் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கு லண்டன் மிஷனரி சங்கம் நடத்திய மருத்துவமனையில் அறுவை மருத்துவர்கள் ஐரோப்பாவில் அரிதாகவே கண்ட கன்னப் புற்றை நாள்தோறும் கண்டனர். அங்கே பணியாற்றிய டபிள்யூ. சி. பெண்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய சுருக்கத்தை 1908-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். 1933-இல் ஐ. எம். ஆர் என்ற மருத்துவர், வெற்றிலை மெல்வோரின் வாய்ப் புற்றுக்கான காரணங்களையும் அதன் சிகிச்சையையும் லான்செட் இதழில் விரிவாக எழுதினார். எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் இடம்பெற்ற ஹோவர்டு சாமர்வெல்லும் அதே மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தார்.

பழக்கத்தின் வகைக்கேற்பப் புற்று வரும் இடமும் மாறும் என்பதைப் பம்பாயின் வி. ஆர். கானோல்கர் காட்டினார். ஆந்திரக் கடற்கரைப் பெண்கள் சுருட்டின் கொள்ளி முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அவர்களுக்குப் புற்று மேலண்ணத்தில் வந்தது. 1945-இல் அவர் இதைப் பதிவுசெய்தார். 1955-இல் சங்வி, ராவ், கானோல்கர் மூவரும் புகைத்தல், மெல்லுதல் இரண்டையும் புற்றின் இடத்தோடு ஒப்பிட்டு எண்ணிக்கையுடன் நிறுவினர். தமிழகத்தில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க ஆண்டுகளிலிருந்தே வாய்ப் புற்று அங்குள்ள மருத்துவர்களின் பெரும் சுமைகளில் ஒன்றாக இருந்தது.

சான்று முழுமை பெற இன்னும் நாளாயிற்று. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இல் அறிவித்தது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்ற முடிவு 2004-இல் நூலாக வெளிவந்தது. இதற்கிடையே பாக்கும் புகையிலையும் குட்கா என்னும் பொட்டலமாகி, பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் எட்டிவிட்டன. தமிழக அரசு 2001-இல் குட்காவைத் தடைசெய்தது. அந்தத் தடை நீதிமன்றத்தில் நிற்காததால் 2013-இல் மறுபடியும் தடை விதித்தது.

கண்ணுக்குத் தெரிந்த முன்னறிகுறிகள்

பழக்கம் ஒருவருக்கு ஆபத்து உண்டு என்பதை மட்டுமே சொல்லும். மெல்லுபவர் எல்லாருக்கும் புற்று வருவதில்லை. யாருக்கு வரும் என்பதைக் காட்டும் அடையாளம் வாயிலேயே தேடப்பட்டது.

சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம், வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு ஆகியவை புற்றுக்கு முந்திய நிலைகளாக அறியப்பட்டன. 1952-இல் ஷ்வார்ட்ஸ், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவருக்கு வாயின் உட்சதை இறுகி வாய் திறக்க முடியாமல் போனதை விவரித்தார். மறு ஆண்டு பம்பாயில் எஸ். ஜி. ஜோஷி அதைச் சளிச்சவ்வடி நார்த்திசு நோய் என்று பெயரிட்டு எழுதினார். பாக்கு மெல்வதால் வரும் இந்நிலையும் புற்றாக மாறக்கூடியது. 1960களின் பிற்பகுதியில் ஃபாலி மேத்தாவின் குழு இந்தியாவின் ஐந்து மாவட்டங்களில் 50,000-க்கு மேற்பட்ட கிராமத்தாரின் வாயைச் சோதித்தது. இத்தகைய திட்டுகள் ஏறத்தாழ முழுவதும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களிடமே இருப்பதை அந்த ஆய்வு காட்டியது.

ஆனால் வெள்ளைப் படலங்களில் பெரும்பாலானவை புற்றாவதில்லை. எது மாறும், எது மாறாது என்று கண்ணால் சொல்ல முடியாது. திசுவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் வல்லுநர்களும் இந்தக் கேள்வியில் அடிக்கடி ஒருவருக்கொருவர் மாறுபட்டனர். 1953-இல் ஸ்லாட்டரும் அவருடைய துணைவர்களும் வாய்ப் புற்றுக்காக அறுவை செய்த திசுக்களை ஆராய்ந்தபோது, கட்டியைச் சுற்றி நல்ல சதையாகத் தோன்றிய பரப்பிலும் மாறிய செல்கள் இருப்பதைக் கண்டனர். புற்று ஒரு புள்ளியில் மட்டும் முளைப்பதில்லை, பரப்பு முழுதும் அதற்கு ஆயத்தமாகிறது என்ற கருத்து அங்கிருந்து வந்தது. கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எட்டாத மாற்றத்தைத் தேட வேண்டிய தேவையும் அப்போதே தெளிவாயிற்று.

மரபணுவில் தேடல்

1990களில் அந்தத் தேடல் டி.என்.ஏ.வுக்குள் நுழைந்தது. டேவிட் சிட்ரான்ஸ்கியின் குழு 1996-இல், சாதாரணத் திசு படிப்படியாகப் புற்றாக மாறும்போது எந்தெந்த குரோமோசோம் பகுதிகள் இழக்கப்படுகின்றன என்பதை வரிசைப்படுத்திக் காட்டியது. 9-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி மிக முன்னதாகவே இழக்கப்படுவது அதில் தெரிந்தது.

2000-இல் மாரா கில்லிசனின் ஆய்வு, தொண்டைப் புற்றில் ஒரு பங்கு மனிதப் பாப்பிலோமா வைரஸால் வருவதையும், அந்த நோயாளிகள் மற்றவர்களைவிட நெடுநாள் வாழ்வதையும் காட்டியது. அந்தப் புற்றில் பி16 என்னும் புரதம் மிகுதியாக இருக்கும். திசுவில் அதற்குச் சாயமேற்றிப் பார்ப்பது இன்று நடைமுறைச் சோதனை; நோயின் நிலையைக் கணிக்கும் முறையே அந்த முடிவைப் பொறுத்து மாறுகிறது. ஓர் உயிரியல் அடையாளம் மருத்துவத்தில் இடம்பிடிப்பதன் பொருள் இதுதான். ஆனால் வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

ஒதுக்கி வைக்கப்பட்ட மூலக்கூறு

தேடல் அடுத்து ஆர்.என்.ஏ.வுக்குத் திரும்பியது. அதைப் பற்றி 1950களின் இறுதியில் உருவான பாடம் எளிமையானது: டி.என்.ஏ. செய்தியை வைத்திருக்கிறது, ஆர்.என்.ஏ. அதை எடுத்துச் செல்கிறது. புரதம் வேலையைச் செய்கிறது. புரதமாக மாறாத ஆர்.என்.ஏ. இருப்பது அப்போதே தெரியும். ஆனால் அவை புரதத் தயாரிப்புக்கு உதவும் எடுபிடிகள் என்றே கருதப்பட்டன. புரதத்தைக் குறிக்காத டி.என்.ஏ.வைக் குப்பை என்று சுசுமு ஓனோ 1972-இல் குறிப்பிட்டார். மனித மரபணுத்தொகையின் வரிசை வெளிவந்தபோது, புரதத்தைக் குறிக்கும் பகுதி நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு என்பது உறுதியாயிற்று. மிச்சமுள்ள பகுதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவது பின்னர் தெரியவந்தது.

திருப்பம் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவிலிருந்து வந்தது. 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸின் குழு, அப்புழுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் உண்டாக்குவதில்லை என்று கண்டது. அது தருவது 22 எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துண்டு. அத்துண்டு வேறொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு புரதம் உருவாவதைத் தடுப்பதை ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் தனித்தனியே காட்டினர். புழுவின் விசித்திரம் என்று அது ஏழாண்டு ஒதுக்கப்பட்டது. 2000-இல் ருவ்கனின் குழு கண்டறிந்த லெட்-7 என்ற மற்றொரு துண்டு மனிதன் உட்படப் பல விலங்குகளில் இருப்பது தெரிந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 2001-இல் இவற்றுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயர் வந்தது. ஆம்ப்ரோஸும் ருவ்கனும் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர்.

புற்றுநோயோடு முதல் தொடர்பு 2002-இல் கிடைத்தது. ஒருவகை இரத்தப் புற்றில் அடிக்கடி இழக்கப்படும் குரோமோசோம் பகுதியில் புரத மரபணுவைப் பலர் பல ஆண்டுகள் தேடியிருந்தனர். அங்கே இருந்தவை மிர்-15, மிர்-16 என்ற இரு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் என்று கார்லோ குரோச்சேயின் குழு கண்டது. 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஏறத்தாழ இருநூறு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவை மட்டும் கொண்டே கட்டி எந்த உறுப்பில் தோன்றியது என்று பிரித்துச் சொல்ல முடிந்ததைக் காட்டியது.

இருநூறு எழுத்துகளுக்கு மேற்பட்ட நீள் ஆர்.என்.ஏ.க்களும் கவனத்துக்கு வந்தன. 2007-இல் விவரிக்கப்பட்ட ஹோட்டேர், நுரையீரல் புற்றில் 2003-இல் கண்டறியப்பட்ட மலாட்-1 ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. முனைகள் இன்றி வளையமாக இருக்கும் ஆர்.என்.ஏ.க்கள் செல்லில் பரவலாக இருப்பது 2012-க்குப் பின் வெளிப்பட்டது. நொதிகள் ஆர்.என்.ஏ.வை முனையிலிருந்து அரிப்பதால், முனையற்ற இவை நெடுநேரம் சிதையாமல் நிற்கின்றன.

எச்சிலில் கிடைத்த தடயம்

தலை, கழுத்துப் புற்றில் இம்மூலக்கூறுகள் பயன்படக்கூடும் என்ற நம்பிக்கைக்கு மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது, அவை நோயின் போக்கோடு பிணைந்தவை. வாய்ப் புற்றில் மிகுந்து காணப்படும் மிர்-21, புற்றைத் தடுக்கும் புரதங்கள் சிலவற்றை அடக்குகிறது. மிர்-200 குடும்பம் செல்கள் இடம்விட்டு நகர்வதைத் தடுப்பது. அது குறையும்போது புற்று பரவ வழி பிறக்கிறது. இரண்டாவது, மிகக் குறுகியவை என்பதால் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் மெழுகில் பதித்துப் பல ஆண்டுகள் வைத்திருந்த திசுக்கட்டிகளிலும் சிதையாமல் கிடைக்கின்றன. மருத்துவமனை அலமாரிகளில் கிடந்த பழைய திசுக்களை, அவற்றுக்குரிய நோயாளிகளின் பிற்கால நிலையோடு ஒப்பிட முடிந்தது இதனால்தான்.

மூன்றாவது காரணம் இன்னும் முக்கியமானது. 2008-இல் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இரத்த நீரிலும் நிலையாக இருப்பது நிறுவப்பட்டது. புரதங்களோடு பிணைந்தோ செல்கள் வெளியிடும் நுண்பைகளுக்குள் அடங்கியோ இருப்பதால் நொதிகள் அவற்றை எளிதில் சிதைப்பதில்லை. வாய்ப் புற்றைப் பொறுத்தவரை, கட்டியை நேரடியாகக் கழுவிச் செல்லும் நீர் எச்சில்தான். 2009-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் டேவிட் வோங்கின் குழு, வாய்ப் புற்று உள்ளவர்களின் எச்சிலில் மிர்-125ஏ, மிர்-200ஏ இரண்டும் குறைந்திருப்பதை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தைவான் ஆய்வாளர்கள், வாய்ப் புற்றாளரின் இரத்த நீரிலும் எச்சிலிலும் மிர்-31 கூடியிருப்பதைக் கண்டனர். வெற்றிலை, பாக்குப் பழக்கம் மிகுந்த தைவானிலும் வாய்ப் புற்று பெரும் சிக்கல். 2013-இல் சீன ஆய்வாளர்கள் ஹோட்டேர் போன்ற நீள் ஆர்.என்.ஏ.க்களையும் எச்சிலில் கண்டனர்.

வெள்ளைப் படலத்தில் எது புற்றாக மாறும் என்ற பழைய கேள்வியும் திரும்ப எடுக்கப்பட்டது. 2009-இல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, பின்னாளில் புற்றாக மாறிய படலங்களில் மிர்-21, மிர்-181பி, மிர்-345 மூன்றும் மிகுந்திருந்ததைக் காட்டியது.

நடைமுறைக்கு வந்த ஒன்று

இவ்வளவு ஆய்வுகளுக்கு நடுவே, தலை, கழுத்துப் புற்றில் அன்றாடச் சோதனையாக நிலைபெற்ற புரதமாக்காத ஆர்.என்.ஏ. மனிதனுடையது அன்று, ஒரு வைரஸினுடையது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயர் பிறப்பதற்கு இருபதாண்டு முன்பு, 1981-இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைட்ஸின் குழு, லூபஸ் நோயாளிகளின் எதிர்ப்புப் புரதங்களைத் தூண்டிலாக வைத்து எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய செல்களிலிருந்து இரண்டு சிறு ஆர்.என்.ஏ.க்களைப் பிரித்தெடுத்தது. ஈபர் என்று அழைக்கப்படும் இவை தொற்றிய ஒவ்வொரு செல்லிலும் லட்சக்கணக்கில் குவிந்திருக்கும். எனவே திசுச்சீவலில் சாயமேற்றினால் தவறாமல் தெரியும்.

மூக்கின் பின்பகுதியில் தோன்றும் புற்றின் பெரும்பகுதி இந்த வைரஸோடு தொடர்புடையது. தென்சீனத்தில் மிகுதியாகவும் இந்தியாவின் வடகிழக்கில், குறிப்பாக நாகாலாந்தில், கணிசமாகவும் காணப்படும் நோய் அது. கழுத்தின் நிணநீர்க் கணுவில் புற்று இருந்து, அது தோன்றிய இடம் தெரியாதபோது, ஈபர் சோதனை நோயின் பிறப்பிடத்தை மூக்கின் பின்பகுதி என்று சுட்டிவிடும். சிகிச்சையும் அதற்கேற்ப மாறுகிறது. செல்லில் ஏராளமாக இருப்பது, நலமான திசுச் செல்களில் பெரும்பாலும் இல்லாதிருப்பது, முடிவு சிகிச்சையை மாற்றுவது ஆகிய மூன்றும் அதில் ஒன்றுசேர்ந்தன.

மற்றவை ஏன் காத்திருக்கின்றன

மனித மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கு அந்த மூன்றும் ஒன்றாக வாய்க்கவில்லை. அவை நலமான செல்லிலும் இருப்பவை. நோயில் மாறுவது அளவு மட்டுமே. அளவை ஒப்பிட மாறாத அளவுகோல் வேண்டும்; ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் வேறு வேறு ஆர்.என்.ஏ.வை அளவுகோலாகக் கொண்டதால் முடிவுகள் ஒத்துவரவில்லை. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணு சிதைந்தால் அதிலுள்ள மிர்-16, மிர்-451 கசிந்து கணக்கைக் குழப்பும். மிர்-21 புற்றில் மட்டும் கூடுவதில்லை. பல புற்றுகளிலும் அழற்சிகளிலும் கூடுகிறது. வெற்றிலை மெல்லுபவர்களிடம் ஈறுநோய் பரவலாக இருப்பதால், எச்சிலில் காணும் மாற்றம் ஈறுகளிலிருந்து வந்ததா, புற்றிலிருந்து வந்ததா என்று பிரிப்பது கடினம்.

ஆய்வுகள் அமைந்த விதத்திலும் குறை உண்டு. பலவற்றில் சில பத்து நோயாளிகளே இருந்தனர். நாக்கு, கன்னம், குரல்வளை என வெவ்வேறு இடப் புற்றுகள் ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டன. வைரஸால் வந்ததும் புகையிலையால் வந்ததும் கலக்கப்பட்டன. முற்றிய நோயாளிகளை முழு நலமானவர்களோடு ஒப்பிட்டபோது வேறுபாடு பெரிதாகத் தெரிந்தது. ஆனால் மருத்துவமனையில் எழும் கேள்வி வேறு: பழக்கம் உள்ள ஒருவரின் வாயிலுள்ள படலம் புற்றாகுமா, ஆகாதா? அதற்கு, நோய் வருமுன்பே மாதிரி எடுத்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வுகள் தேவை. அதே வேளை, இத்துறைக்கு வழிகாட்டும் வெற்றியும் உண்டு. பிசிஏ3 என்ற நீள் ஆர்.என்.ஏ.வைச் சிறுநீரில் அளக்கும் புராஸ்டேட் சோதனைக்கு அமெரிக்க அரசு 2012-இல் ஒப்புதல் அளித்தது. ஏற்கெனவே ஒருமுறை திசுச்சோதனை செய்தவருக்கு மறுபடியும் அது தேவையா என்ற ஒரே கேள்விக்கு உதவுவதாக அது வகுக்கப்பட்டிருந்தது.

ஒப்பிட வேண்டிய அளவுகோல்

எந்தப் புதிய சோதனையும் எதை மிஞ்ச வேண்டும் என்பதற்கும் தெற்கிலிருந்தே ஒரு விடை கிடைத்திருக்கிறது. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் பெரும் ஆய்வொன்று தொடங்கியது. பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று ஒரு பகுதி மக்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தனர். மறுபகுதியினர் வழக்கமான மருத்துவத்துக்கு விடப்பட்டனர். இரண்டு பகுதியிலும் சேர்த்து 1,90,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். 2005-இல் லான்செட்டில் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில், சோதிக்கப்பட்ட பகுதியில் வாய்ப் புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது.

எச்சிலில் ஆர்.என்.ஏ.வை அளக்கும் சோதனை எதுவும் இதுவரை இறப்பைக் குறைத்துக் காட்டியதில்லை. அது வரும்போதும் கண்பார்வைச் சோதனையின் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. பார்த்துக் கண்ட படலங்களில் எதை வெட்டியெடுக்க வேண்டும், எதைக் கண்காணித்தால் போதும் என்று பிரித்துச் சொன்னாலே அதன் பயன் நிறைவேறும். அதுவரை, வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத படலம், வாய் திறப்பதில் குறுக்கம் ஆகிய மூன்றுமே வாய்ப் புற்றுக்கு யாரும் கைக்கொள்ளக்கூடிய அடையாளங்கள். அவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.